இறங்கிப் போகின்றது இளமை!

கொல்லிமலை தமிழ் வரலாற்றுக்குப் புதிய பெயரன்று. கழகக் காலத்தே வல்வில் ஓரி ஆண்ட மலை அது. வன்பரணர் அவன் வில்லாற்றலையும் கொடைத்திறத்தையும் பாடிச் சென்றார். கழைதின் யானையார் அவனைப் பாடியது புறநானூற்றின் 204-ஆம் பாட்டாக நிற்கின்றது. கேட்பவனின் நாணத்தையும் மறுப்பவனின் சிறுமையையும் ஒருசேர எடுத்துரைக்கும் பாட்டு அது. கேட்டவர்க்கு இல்லையென்னாத அந்த மலையின் மக்கள் இன்று எங்கு நிற்கின்றனர்? வேலை கேட்டுப் பிறர் வாயிலில் நிற்கின்றனர். கொடுத்த மலை கையேந்தும் மலையாகி விட்டது. தமிழர் எண்ணிப் பார்த்து நாணவேண்டிய செய்தி இஃது.

சேலம் மாவட்டத்தினின்று 1997-இல் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில், ஏறத்தாழ 280 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கின்றது கொல்லிமலை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 40,000 மக்கள் அங்கு வாழ்ந்தனர். அவருள் மிகப்பெரும்பாலோர் 'மலையாளி' என்னும் பழங்குடியினர். மலையை ஆளும் மக்கள் என்பதால் வந்த பெயர் அது; சேரலத்து மொழிக்கும் அவர்க்கும் தொடர்பில்லை. அவர் பேசுவது தமிழ். வழிபடுவது தமிழ்த் தெய்வங்களை. தம் ஊர்த்தொகுதியை அவர் அழைக்கும் பெயரும் தமிழே. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, ஆலத்தூர் நாடு, குண்டனி நாடு என மலைமேல் ஒவ்வோர் ஊராட்சியும் ஒரு நாடு. சமவெளித் தமிழர் கல்வெட்டிலும் ஏட்டிலும் மட்டுமே காணும் 'நாடு' என்னும் பழம்பிரிவு அங்கு மக்கள் வாயில் இன்றும் உயிரோடு வழங்குகின்றது.

அந்தக் குண்டனி நாட்டில் இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் உண்டு உறைவிடப் பள்ளியில் பயின்றவன். பன்னிரண்டாம் வகுப்பைக் கடந்தவன். குடும்பத்தில் அவ்வளவு படித்த முதல் ஆள். தேர்வு முடிந்தது, சான்றிதழ் கைக்கு வந்தது. அடுத்து என்ன? சொல்வார் இல்லை. வீட்டில் இரண்டு காணி மேட்டு நிலம், அதில் மரவள்ளி. தந்தைக்கே ஆண்டு முழுதும் வேலையில்லாத நிலத்தில் மகனுக்கு என்ன வேலை இருக்கும்? சில திங்கள் சும்மா இருக்கின்றான். பிறகு ஒருநாள் ஊருக்கு வந்த இடையாள் ஒருவன் முன்பணம் தருகின்றான். செம்மேட்டிற்குச் சென்று பேருந்தில் ஏறுகின்றான். எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து காரவள்ளியில் இறங்குகின்றது அப்பேருந்து. அதனோடு இறங்கிப் போகின்றது அவன் இளமை.

எங்குப் போகின்றான்? திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியில் ஏறிக் கண்காணா வடபுலங்களுக்குப் போகின்றான். அங்கு வண்டியே வீடு. இரவும் பகலும் இரைச்சலும் புழுதியுமே வாழ்வு. அல்லது மேற்கே சேரலத்து மிளகு காப்பித் தோட்டங்களுக்குப் போகின்றான். தன் மலையில் விளையும் அதே மிளகை, அதே காப்பியை, அடுத்தவன் மலையில் கூலிக்குப் பறிக்கின்றான்! அவன் தங்கையோ நூற்பாலைக்குப் போகின்றாள். ஆலை வண்டியே ஊருக்கு வந்து அழைத்துச் செல்கின்றது. ஆலையின் விடுதியிலேயே உணவும் உறக்கமும்.

ஆண்டுதோறும் ஆடித் திங்களில் அம்மலையில் அரசு வல்வில் ஓரி விழா எடுக்கின்றது. மாலை சூட்டுகின்றனர்; கண்காட்சி வைக்கின்றனர்; ஆடலும் பாடலும் நிகழ்கின்றன. வேண்டியதே, வரலாற்றை மறவாமை நன்றே. ஆயின் விழா முடிந்த மறுநாள், அதே செம்மேட்டுப் பேருந்து நிலையத்தில், கையில் ஒரு பையோடு கீழே செல்லும் வண்டிக்குக் காத்து நிற்கும் இளைஞர்களை யார் காண்கின்றனர்? முள்ளூர்க் காரி ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பது பழைய வரலாறு. அன்று மலை கைமாறியது. மக்கள் மலையிலேயே இருந்தனர். இன்று மலை அவர் பெயரிலேயே இருக்கின்றது. மக்கள் கைமாறிப் போகின்றனர். இரண்டினுள் கொடியது எது?

மலையில் வேலையில்லை என்பர் சிலர். அவ்வாறு சொல்வோர் மலையை அறியாதவர். மலையில் விளைவு உண்டு. விளைவை ஆக்கும் தொழிலே இல்லை. சாமை, தினை, கேழ்வரகு, வரகு ஆகியவை அம்மலையின் பழம்பயிர்கள். பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை என்றும், செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை, பாலந்தினை என்றும், கருமுழியன், பெருங்கேழ்வரகு, அரிசிக்கேழ்வரகு என்றும் அவற்றுள் எத்தனை வகை! ஒவ்வொரு பெயரும் ஓர் உழவன் கண்டு தேர்ந்து வைத்த பெயர். ஏறத்தாழக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் இப்பயிர்களின் இடத்தை மரவள்ளி பிடித்துக்கொண்டது. அது விளைவது எளிது; மொத்தமாகப் பணம் வரும். ஆயின் அப்பணத்தை வரையறுப்பவன் உழவனல்லன். கிழங்கு சரக்குந்தில் ஏறி மலையடிக்கும் அப்பாலும் உள்ள சவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கின்றது. அதன் மாவுச்சத்தைப் 'பாயிண்டு' என்னும் கணக்கில் ஆலைக்காரர் அளக்கின்றனர். அந்த அளவுக்கேற்பவே விலை. அளவுகோல் வாங்குவோன் கையில். விற்பவனுக்குத் தலையாட்டும் உரிமை மட்டுமே. ஆலையுடையார் தம் சவ்வரிசியை விற்க 1981-இலேயே சேலத்தில் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவமைப்பை நிறுவிக்கொண்டனர். அறிவுடையோர் செயல் அது. மலையுழவனோ தனித்து நின்று, வந்த விலைக்குத் தந்துவிட்டுத் திரும்புகின்றான். கிழங்காக இறங்கும் பொருளோடு அதனை மாவாக்கும் வேலையும், மணியாக்கும் வேலையும், மூட்டையாக்கும் வேலையும் சேர்ந்தே மலையை விட்டு இறங்குகின்றன. பொருள் இறங்கும் வழியே ஆளும் இறங்குகின்றான், இதில் வியப்பென்ன?

இதற்கு மாற்று உண்டு என்பதற்குச் சான்றும் அம்மலையிலேயே உண்டு. சாமைக்கு உமி கடினம். அதனை உரலிலிட்டு இடித்து அரிசியாக்குவதற்குப் பெண்கள் பட்ட பாடு சொல்லுந்தரத்ததன்று. உழைப்பு மிகுதி என்பதாலேயே பல வீடுகளில் சாமை அடுப்பேறுவது நின்றது. 1990-களின் இடையிலிருந்து எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மலையில் பணியாற்றத் தொடங்கி, விதைகளைப் பேணும் ஊர் விதைக்களஞ்சியங்களை அமைத்தது. உமி நீக்கும் சிறு பொறிகளைத் தந்நலக் குழுக்களிடம் தந்தது. சாமை அரிசியையும் மாவையும் மக்களே ஆக்கி விற்க வழிகாட்டியது. இதன் பாடம் என்ன? ஒரு சிறு பொறி வந்தால் பெண்ணின் தோள்வலி குறைகின்றது. சாமை மீண்டும் உணவாகின்றது. பொறியை இயக்கவும் பழுது நீக்கவும் ஊரில் ஓர் ஆளுக்கு வேலை பிறக்கின்றது. அப்பொறி பழுதானால் என்ன செய்வது? கீழிருந்து ஆள் வரவேண்டும். வரும்வரை பொறி உறங்கும். அந்தப் பழுதை நீக்கக் கற்ற ஒருவன் குண்டனி நாட்டிலேயே இருப்பானாயின் அவன் ஊர்விட்டு ஊர் போகவேண்டுவதில்லை; ஊரார் அவனைத் தேடி வருவர். வேலைவாய்ப்பு என்னும் பெரிய சொல்லின் சிறிய, மெய்யான பொருள் இதுவே.

இவ்வாறு மலையிலும் மலையடியிலும் பழகத்தக்க தொழில்கள் பல. நிழல்மரமான சில்வர் ஓக்கின்மேல் படர்கின்றது மிளகு; அதன் நிழலிலேயே காப்பி. மிளகைத் தரம்பிரித்துக் காயவைத்தல், காப்பிப் பழத்தின் தோல்நீக்கி வறுத்துப் பொடித்தல், பலாவையும் அன்னாசியையும் மலைவாழையையும் கெடாது பதப்படுத்தல், தேனை வடித்து அடைத்தல் ஆகிய எல்லாமே கற்கத்தக்க தொழில்கள். மலை மரத்தைக் கொண்டு தச்சு வேலை. நீரேற்றும் பொறியின் மின்சுருள் கட்டும் வேலை. கதிரவன் ஒளியில் மின்னாக்கும் பலகை நிறுத்தும் வேலை. எழுபது வளைவுகளில் ஏறி இறங்கி நிறுத்துகட்டை தேய்ந்துபோகும் உந்துகளைச் செப்பனிடும் வேலை. மலையிலிருந்து இறங்கினாலும் தொலைவு செல்லவேண்டுவதில்லை. நாமக்கல் சரக்குந்துக்கு உடற்கூடு கட்டுவதில் இந்தியா முழுதும் பெயர்பெற்ற ஊர். இரும்பு வெட்டுவோர், பற்றவைப்போர், தச்சர், வண்ணம் தீட்டுவோர், மின்கம்பி இணைப்போர் எனப் பலவகைக் கைவினைஞர் அங்கு வேண்டும். கோழிப்பண்ணைகளும் அவற்றைச் சார்ந்த தொழில்களும் அவ்வாறே. மலையுச்சியில் ஆள் வேலையின்றி நிற்க, மலையடியில் வேலை ஆளின்றி நிற்கின்றது. இடையே நிற்பது எழுபது வளைவு மட்டுமா? அன்று. அவ்விரண்டையும் இணைக்கும் பயிற்சி இல்லாமையே இடையே நிற்கும் பெருமலை.

பயிற்சி என்னும் சொல்லைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடலாகாது. அந்நல்ல சொல்லைத் தீய செயலுக்குப் போர்வையாக்கிய கதையும் தமிழகத்தில் உண்டு. நூற்பாலைகளிற் பல, சிற்றூர்ப் பெண்களைப் 'பயிற்சியர்' என்னும் பெயரில் மூவாண்டுக்குச் சேர்த்துக்கொண்டு, திங்கள்தோறும் சிறு தொகை தந்து, மீதியை இறுதியில் திருமணத்துக்கென மொத்தமாகத் தருவதாகச் சொல்லி வந்தன. மக்கள் வாயில் 'சுமங்கலித் திட்டம்' என வழங்கியது அது. இடையில் உடல்நலங்கெட்டு ஊர் திரும்பிய பெண்ணுக்கு இறுதித்தொகை கனவாயிற்று. நூற்பாலைப் பயிற்சியர்க்கும் குறைந்த அளவுக் கூலியைத் தமிழ்நாட்டரசு 2008-இல் வரையறுக்க நேர்ந்ததே, அங்கு நடந்தது பயிற்சியன்று, மலிவுக் கூலி என்பதற்குச் சான்று. ஒரே பொறியின்முன் மூவாண்டு நிறுத்திவிட்டு, தேர்வுமின்றிச் சான்றுமின்றி அனுப்புவது எந்தத் தொழிலைப் பயிற்றுவது?

மெய்யான தொழிற்பயிற்சி எது என்பதைச் சட்டமே சொல்கின்றது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, பழகுநர்க்கும் தொழில் நடத்துவோர்க்கும் இடையே எழுத்துவழி ஒப்பந்தம் வேண்டும். அது பதியப்பட வேண்டும். இன்ன தொழில், இத்துணைக் காலம் என்பது வரையறுக்கப்பட வேண்டும். திங்கள்தோறும் உதவித்தொகை தரவேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரை உடைய நிறுவனம் ஒவ்வொன்றும் தன் பணியாளர் தொகையில் 2.5 விழுக்காட்டினின்று 15 விழுக்காடு வரை பழகுநரைச் சேர்த்தே ஆகவேண்டும். நால்வர் பணியாற்றும் சிறு பட்டறையும் விரும்பினால் சேர்க்கலாம். அத்திருத்தம் உதவித்தொகையைத் தகுதிக்கேற்பத் திங்களுக்கு உரூபா 5,000 முதல் 9,000 வரை வகுத்தது. ஆனால் அச்சட்டத்தின் 18-ஆம் பிரிவு பழகுநரைத் தொழிலாளர் அல்லர் என்றும் சொல்கின்றது. தொழிலாளர் சட்டங்களின் காவல் அவர்க்கு முழுதும் இல்லை. எனவே ஒப்பந்தம் இல்லாத 'பயிற்சி' இருபுறமும் வெட்டும் வாள்: பயிற்சியின் பயனும் இல்லை, தொழிலாளர்க்குரிய காவலும் இல்லை. மகளை ஆலைக்கு அனுப்பும் மலைத்தாய் ஒருத்தி கேட்கவேண்டிய முதற்கேள்வி, "எவ்வளவு தருவீர்கள்?" என்பதன்று; "எழுதித் தருவீர்களா? தமிழில் எழுதித் தருவீர்களா?" என்பதே.

மொழிச் சிக்கல் இங்குத்தான் தொழிற்சிக்கலாகின்றது. கொல்லிமலையில் பழங்குடியினர்க்கென அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. கடன் தரத் திட்டங்கள் உண்டு. 'நான் முதல்வன்' என்னும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2022 மார்ச்சுத் திங்களில் தொடங்கியது. திட்டங்களுக்குக் குறைவில்லை, திட்டத்துக்கும் மலையிளைஞனுக்கும் நடுவே படிவம் நிற்கின்றது. படிவம் கணினியில் இருக்கின்றது. கணினி ஆங்கிலம் பேசுகின்றது. பழங்குடிச் சான்றுக்குக் கோட்டாட்சியரிடம் செல்லவேண்டும், கோட்டாட்சியர் நாமக்கல்லில். அச்சான்று காலந்தாழ்ந்தால் சேர்க்கையின் இறுதிநாள் கடந்துவிடும். சாதிப்பெயர்ப் பத்தியில் 'மலையாளி' என எழுதினால், "சேரலத்தவனா?" என்று கேட்கும் கீழ்நாட்டு எழுத்தருக்கு விடை சொல்லவேண்டும். ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் இழந்து மும்முறை அலைந்தவன் நான்காம் முறை அலுவலகத்துக்குப் போவதில்லை. ஆழ்துளை வண்டிக்குப் போகின்றான். முன்பணம் தரும் இடையாள் படிவம் கேட்பதில்லை, தமிழில் பேசுகின்றான், வீட்டு வாயிலுக்கே வருகின்றான். அரசின் நல்ல திட்டத்தை இடையாளின் தீய திட்டம் வெல்வது இதனாலேயே.

தாய்மொழியில் தொழில் கற்பிக்க இயலுமா என ஐயுறுவோர் செருமனியைப் பார்க்க. அங்குப் பள்ளி முடித்த இளைஞன் கிழமையிற் சில நாள் பட்டறையிலும் சில நாள் தொழிற்பள்ளியிலும் பயில்கின்றான். 300-க்கும் மேற்பட்ட தொழில்கள் இம்முறையில் கற்பிக்கப்படுகின்றன. 1969-இலேயே இதற்கென முழுமையான சட்டம் இயற்றினர். தச்சனும் கொல்லனும் பொறிவினைஞனும் தம் தாய்மொழியிலேயே கற்கின்றனர், தேர்வெழுதுகின்றனர், தேர்ந்தபின் தாமே பிறர்க்குக் கற்பிக்கும் ஆசானாகவும் உயர்கின்றனர். அந்நாட்டுப் பொறிகள் உலகெங்கும் விலைபோவதற்கு அம்மொழி தடையாயிற்றா?

தமிழிலும் இதற்குச் சொல்லில்லையா? கம்மியர் என்னும் சொல் கழகக் காலத்தது; இன்றும் தொழிற்பயிற்சி நிலையங்களில் உந்துவண்டிப் பழுது நீக்குவோர்க்கு அச்சொல்லே வழங்குகின்றது. பொருத்துநர், கடைசலர், பற்றவைப்பவர் என அழகிய சொற்கள் அரசேடுகளில் உள்ளன. ஏட்டில் உள்ள சொல் பட்டறையின் வாயில் ஏறவில்லை என்பதே குறை. சென்னைக் கிண்டியில் 1986-இல் செருமனியின் துணையோடு அமைக்கப்பட்ட நடுவணரசின் பயிற்றுக்கருவி நிறுவனம் தொழிற்பாட நூல்களைத் தமிழிலும் வெளியிடுகின்றது. அந்நூல்களை மலையிளைஞனின் கையிற் சேர்ப்பதும், அவற்றிலுள்ள தமிழைத் தமிழாகத் திருத்தி எழுதுவதும் தமிழறிந்தோர் கடன். மேடையில் தூய தமிழ் பேசுவது எளிது. சுத்தியல் பிடித்தவன் வாயில் தூய தமிழை ஏற்றுவதே அரிது. அங்கு ஏறாத மொழி நூலகத்திலேயே நரைக்கும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம், எழுவது ஞாயமே. "மலையில் பிறந்தவன் மலைத்தொழில் கற்க என்பது 1953-இல் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டம் போன்றதன்றோ?" என்பர். அன்று. அத்திட்டம் பிஞ்சுப் பிள்ளையின் பள்ளி நேரத்தைப் பாதியாக்கிப் பெற்றோர் தொழிலுக்கு அனுப்பியது, பிறப்பையே தொழிலாக்கியது. தமிழகம் கொதித்தெழுந்தது, 1954-இல் காமராசர் ஆட்சியேற்றவுடன் அது கைவிடப்பட்டது. ஈண்டு வேண்டப்படுவது அதற்கு நேர்மாறானது. முதலில் முழுப் பள்ளிக் கல்வி, அதன்பின், விரும்பும் தொழிலை விரும்பியவர் கற்பது, கற்கும்போதே உதவித்தொகை, கற்றபின் எங்கும் செல்லுபடியாகும் சான்று. உழவன் மகள் மின்வினைஞராகலாம், மருத்துவராகவும் ஆகலாம், எந்தக் கதவும் சாத்தப்படவில்லை. மலையை விட்டுப் போக விரும்புவோன் தொழில் கற்ற கையோடு தலைநிமிர்ந்து போகட்டும். இருக்க விரும்புவோன் இருக்க வழி வேண்டும். போவதா இருப்பதா என்பதை அவன் முடிவு செய்யவேண்டுமேயன்றி, அவன் பசி முடிவு செய்யலாகாது.

மற்றுமொன்று. தமிழக வேலை தமிழர்க்கே என்னும் முழக்கம் இன்று உரக்கக் கேட்கின்றது. 2019 மே மாதம் திருச்சிப் பொன்மலைத் தொடர்வண்டிப் பணிமனை முன், பழகுநர் இடங்களில் வெளி மாநிலத்தார் மிகுதியாகச் சேர்க்கப்பட்டதை எதிர்த்து மறியல் நடந்தது. நடுவணரசின் பணிமனைகளில் மண்ணின் மக்களுக்குரிய பங்கைக் கேட்பது உரிமையே. ஆயின் தம் பட்டறையில் தமிழிளைஞனைச் சேர்க்காத தமிழ் முதலாளி அம்முழக்கத்தை எழுப்ப என்ன தகுதி உடையவர்? குறைந்த கூலிக்குக் கிடைக்கின்றான் என்று வடபுலத்து ஏழையை அழைத்து வருபவரும் தமிழரே. மலைப்பெண்ணைப் 'பயிற்சியர்' என்னும் பெயரில் அடைத்து வைத்தவரும் தமிழரே. பசியால் தொடர்வண்டி ஏறி வந்த பீகாரத்து இளைஞனும், பசியால் ஆழ்துளை வண்டி ஏறிப் பீகாரத்துக்குப் போகும் கொல்லிமலை இளைஞனும் ஒரே துன்பத்தின் இரு முகங்கள். வந்தவனை வைவதால் போனவன் திரும்ப மாட்டான். அவனுக்குத் தொழில் கற்பித்து ஞாயமான கூலி தருவதாலேயே திரும்புவான்.

எனவே செய்யவேண்டுவன இவை:

1. கொல்லிமலைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மலைக்குரிய தொழில்களை முதன்மையாக வைக்க. சிறுகூலப் பதப்படுத்தல், மிளகு காப்பி ஆக்கம், உந்துக் கம்மியம், நீரேற்றுப் பொறிப் பழுது, தச்சு ஆகியவற்றின் இடங்கள் பெருகுக. பாடமும் தேர்வும் தமிழில் அமைக.

2. பழங்குடிச் சான்றைப் பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே பள்ளியிலேயே வழங்குக. சேர்க்கைக் காலத்தில் மாணவன் நாமக்கல்லுக்கு அலையலாகாது.

3. ஆண்டுக்கு இருமுறை மலைமேலேயே பழகுநர் சேர்க்கை நாள் நடத்துக. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோட்டு நிறுவனத்தார் அங்கு ஏறி வருக. ஓரி விழாவின் இரண்டு நாள்களில் ஒரு நாளை இதற்கே ஒதுக்கினாலும் ஓரிக்கு அதனினும் பெரிய மாலை வேறில்லை.

4. கீழே இறங்கிப் பழகும் இளைஞர்க்கும் பெண்களுக்கும் நாமக்கல்லில் தங்கும் விடுதி அமைக்க. உதவித்தொகை வாடகைக்கே போய்விட்டால் பயிற்சி பாதியில் நின்றுவிடும்.

5. மலைமக்களை வேலைக்கோ பயிற்சிக்கோ அழைத்துச் செல்லும் எந்த ஆலையும் கூலி, நேரம், காலம், விடுமுறை ஆகியவற்றைத் தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு படி வைத்துச் செல்க. வைக்காதாரை மலையேற விடற்க.

6. விளைபொருள் மலையிலேயே ஆக்கம்பெற வழி செய்க. 2023-இல் நீலமலை, தருமபுரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடைகளில் அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கத் தமிழ்நாட்டரசு முற்பட்டது. அதுபோலக் கொல்லிமலையின் சாமையையும் கேழ்வரகையும் அம்மலைப் பள்ளிகளின் உணவுக்கே வாங்குக. வாங்குவார் உறுதியானால் ஆக்குவார் பெருகுவர்.

தமிழ்நாட்டில் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும் என இரண்டே. கொல்லிமலை சேந்தமங்கலத்தைச் சார்ந்தது. அத்தொகுதியில் வாக்குக் கேட்டு வருவோர் எக்கட்சியினராயினும், இவ்வாறினையும் முன்வைத்து விடை கேட்கும் துணிவு மலைமக்களுக்கு வேண்டும். அதற்குத் துணைநிற்கும் கடப்பாடு சமவெளித் தமிழர்க்கு உண்டு.

அரசு செய்யட்டும் எனக் காத்திருப்பது மட்டும் தமிழ்ப்பற்று ஆகாது. இத்தாளைக் கையிலேந்திப் படிப்போருள் அச்சகம் நடத்துவோர் உளர். பட்டறை வைத்திருப்போர் உளர். கடை நடத்துவோர், தையலகம் வைத்திருப்போர், பண்ணை வைத்திருப்போர் உளர். ஒவ்வொருவரும் ஒரு மலையிளைஞனை, ஒரு மலைப்பெண்ணைத் தம் தொழிலில் பழக்குக. எழுதிய ஒப்பந்தத்தோடு சேர்க்க. திங்கள்தோறும் தொகை தருக. கருவியின் பெயரைத் தமிழில் சொல்லிக்கொடுக்க. கற்று முடித்தபின் தம் பெயரிட்டுச் சான்றளித்து அனுப்புக. ஆசிரியராயிருப்போர் விடுமுறையில் ஒரு நாள் மலையேறிச் சென்று பத்துப் படிவங்களை நிரப்பித் தருக. பத்தாயிரம் பேர் கூடும் மாநாட்டினும் அப்பத்துப் படிவங்கள் தமிழுக்குச் செய்யும் தொண்டு பெரிது. மொழி வாழ்வது அதனைப் பேசும் மக்கள் வாழ்வதாலன்றோ?

குண்டனி நாட்டில் இன்றும் ஓர் இளைஞன் விடியுமுன் எழுந்து பேருந்துக்கு நடக்கின்றான். எழுபது வளைவுகளும் கீழ்நோக்கியே செல்கின்றன. அவ்வழியே தொழில் மேலேறட்டும், கருவி மேலேறட்டும், தமிழில் எழுதிய நூல் மேலேறட்டும். இறங்கிப் போனவன் ஒருநாள் கையில் தொழிலோடு அதே வளைவுகளில் ஏறி வரட்டும். அந்நாள் வரை ஓரிக்கு விழா எடுப்போர் அவன் மக்களுக்குக் கடன்பட்டவரே ஆவர். கடனைத் தீர்க்க எழுக தமிழினம்!